உனக்குத் தராத பத்து நிமிடம்

ராசா,

உன் சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டிய தேவை எனக்கில்லை. இன்று காலையில்தான் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு காலில் கறுப்புக் காலுறையும் மற்றக் காலில் நீலமுமாக வகுப்புக்கு ஓடினாய். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாய் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, நேரே சொல்ல வந்தால் நீ "சரியம்மா, பேந்து கதைப்பம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். நானும் மூக்கைச் சீறிக்கொண்டு சோறு போட எழும்பிவிடுவேன். கடிதத்தை அப்படித் தோளில் தட்டி அனுப்ப முடியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ எழுத்துக்கூட்டி வாசித்த வேகம் எனக்குத் தெரியும் என்பதால், எழுத்துகளைப் பிரித்துப் பெரிதாக எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

வினிப்பெக்கிலிருந்து வந்த கடிதம் பதினொரு நாளாகப் பிறிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. விமானம் திருத்துகிற படிப்பு முடிவதற்கு முன்னமே உன்னைக் கூப்பிட்டு வேலை தருகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்தளவு ஆங்கிலம் எனக்கு வரும். திங்கட்கிழமை பின்னேரம் கல்லூரியில் வேலைகளுக்குப் பொறுப்பான அந்த அம்மணியோடு நீ யன்னலைப் பார்த்தபடி நின்று தொலைபேசியில் பிரெஞ்சில் கதைத்தாய். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "பட்டியலில் எனக்கு அடுத்ததாக யாராவது இருப்பார்களே, முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். நான் காத்திருக்கலாம்" என்றாய். டோர்வல் விமான நிலையத்தில் பதின்மூன்று வருடமாகக் கியூபெக் பெண்களுக்கு நடுவில் நின்று விமானச் சாப்பாடு அடுக்குகிறவளுக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்காது என்று நினைத்தாயா? வெள்ளி வரையும் யோசித்துப் பார் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். நீ என்னிடம் வந்து, "வினிப்பெக் சரியான குளிராம் அம்மா. டோர்வலில பேந்து ஏதும் வரும்" என்றாய். மொன்றியலில் பிறந்து இருபது பனிக்காலம் கண்டவனுக்குக் குளிராம்.

என்னைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல்தான் அப்படிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பா போய் மூன்று வருடமாகிறது. ஆனால் அது பாதிக் காரணம்தான். மற்றப் பாதியை உனக்குப் பழக்கியவள் நான். அதைச் சொல்வதற்குத்தான் பேனையை எடுத்தேன். அதற்கு ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும், உன் பள்ளிக்கூடத்துப் புட்போல் அணிக்கு.

கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தச் சின்னக் கத்தோலிக்கப் பள்ளியில் உன்னைச் சேர்த்ததற்கு வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. கொன்வென்ற் என்றால் ஒழுக்கம் என்று யாழ்ப்பாணத்தில் ஏறிய எண்ணம் எனக்கு. வாசலில் மாதா சிலை நின்றது, நான் உள்ளே போகும்போது பிள்ளையாரை நினைத்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் இடையில் பிரச்சினை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அங்கே விளையாட்டுக்கென்று சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பெற்றோர்தான் எல்லாம். ஆண்டுத் தொடக்கத்தில் தலைமை ஆசிரியையான சிஸ்டர் ஒரு படிவம் அனுப்புவார். பிள்ளைகளைப் பழக்க யார், ஜேர்சி தோய்க்க யார், காரில் ஏற்றிப்போக யார், ஆட்ட இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்ட யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எனக்குப் பந்தைப் பற்றித் தெரிந்தது அது உருண்டை என்பது மட்டும்தான். ஆனபடியால் தோடம்பழத்துக்கு நேரே புள்ளடி போட்டேன்.

அந்த வேலை ஒரு சனிக்கிழமைக்கு மேல் நிலைக்கவில்லை. உங்களைப் பழக்கியவர் மெஸ்ஸியூ எமில், ஹெயிட்டிக்காரர், டாக்ஸி ஓட்டுகிறவர். நல்ல மனிதர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழு பேர்தான் ஒரு நேரத்தில் உள்ளே விளையாடலாம், மற்ற ஐந்து பேரும் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்து "நான் எப்போது, நான் எப்போது" என்று கத்துவீர்கள். அவர் ஆட்டத்தைப் பார்ப்பாரா, உங்களைப் பார்ப்பாரா? அடுத்த சனிக்கிழமை நான் தோடம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, பயற்றங்காய் பொரிக்க நேரம் வைக்கிற மணிக்கூட்டை, அதுதான் முறுக்கிவிட்டால் கிணுகிணு என்று அடிக்குமே, அதை எடுத்து முறுக்கினேன். ஒரு கொப்பியில் கோடு போட்டு உங்கள் பெயர்களைத் தமிழில் எழுதினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் மணி அடிக்க, யார் வெளியே, யார் உள்ளே என்று கையைக் காட்டினேன். சண்டை நின்றுவிட்டது. எமில் தொப்பியைக் கழற்றி எனக்குக் கும்பிடு போட்டார்.

எனக்கு அது கைவந்த வேலை. ஒரு விமானத்துக்கு முந்நூறு தட்டு என்றால் முந்நூறிலும் ஒரே அளவு சோறு, ஒரே அளவு பயற்றங்காய், ஒரு பாண் துண்டு. ஒன்றில் கூடிப் போனால் இன்னொன்றில் குறையும். சிஸ்டருக்கும் அந்தக் குணம் பிடித்துக்கொண்டது. வெல்கிறதும் தோற்கிறதும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஆனால் ஐம்பது நிமிட ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது இருபத்தைந்து நிமிடம் விளையாட வேண்டும், அதற்கான தாள் திங்கட்கிழமை காலையில் தன் மேசையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கொப்பியைப் பார்த்து அந்தத் தாளை நான் எழுதி உன் கையில் கொடுத்துவிடுவேன். நீதான் கொண்டுபோய்க் கொடுப்பாய். இதை மறந்துவிடாதே, பிறகு தேவைப்படும்.

முதல் மூன்று சனிக்கிழமையும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒருநாள் பேருந்துத் தரிப்பில், உன் அணியில் விளையாடிய சுஜனின் தாய் என்னைக் கண்டாள். அவளும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான், பகிடியாகத்தான் சொன்னாள். "தாய் லிஸ்ற் பிடிக்கிறா எண்டால் மகனுக்கு என்ன குறை அக்கா" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வரையும் முகம் சுட்டது. கொப்பியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். உனக்கு முப்பது நிமிடம், சுஜனுக்கும் முப்பது. ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். இனி எந்த வாயும் என் பிள்ளையைச் சொல்லக்கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்று எழுதும்போது கை கூசுகிறது. ஆட்டம் பிந்தித் தொடங்கினால் குறைகிற நிமிடம் உன்னுடையது. ஒரு பிள்ளை வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் அது தின்ற நேரமும் உன்னுடையது. உன் பெயரை முதல் வரியிலிருந்து எடுத்துக் கடைசி வரியில் எழுதினேன். பதினைந்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம், ஒருநாள் எட்டு நிமிடம். கொப்பியிலும் சரி, திங்கட்கிழமைத் தாளிலும் சரி, உன் பெயருக்கு நேரே இருபத்தைந்து என்று எழுதினேன். சிஸ்டரின் சட்டத்தை மீறினேன் என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா? நேர்மையான பெண் என்று பெயர் எடுப்பதற்காக ஒவ்வொரு கிழமையும் பொய்க்கணக்கு எழுதினேன் ராசா. அந்தப் பொய்யை உன் கையிலேயே கொடுத்தும் விட்டேன்.

எனக்கு அப்போது அது பிழையாகத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தானே. நாலு பேர் வந்தால் முதலில் வந்தவர்களுக்கு, பிறகு அவர்களுடைய பிள்ளைகளுக்கு, சட்டியில் மிஞ்சினால் வீட்டுப் பிள்ளைக்கு. வந்தவர் பிள்ளை ஒரு கட்லற் கேட்டால் நம் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "இவன் பேந்து சாப்பிடுவான்" என்போம். உன் எட்டாவது பிறந்தநாளுக்கு இந்த இரண்டு அறை வீட்டில் முப்பது பேர் நின்றார்கள். கேக்கை வெட்டி வெட்டிக் கொடுத்து, கடைசியில் பார்த்தால் உனக்குத் துண்டு இல்லை. நீ கத்தியில் ஒட்டியிருந்த கிறீமை விரலால் வழித்து நக்கினாய். எல்லோரும் சிரித்தார்கள். "என்ன பொறுமையான பிள்ளை" என்று யாரோ சொல்ல, எனக்கு உச்சி குளிர்ந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் உன் கட்டிலைத்தான் கொடுத்தோம். நீ விறாந்தையில் பாயில் படுத்தாய். கொடுத்தது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன், அவர்களுக்குப் போக இடமிருக்கவில்லை. ஆனால் ஒருநாளாவது உன்னிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தேனா? பிள்ளையின் கையிலிருப்பதைப் பறித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு ஈகைக் குணம் என்று பெருமைப்பட்டேன்.

மெஸ்ஸியூ எமில் கவனித்துவிட்டார். "மடாம், உங்கள் மகன் எப்போதும் என் பக்கத்திலேயே நிற்கிறானே? கெட்டிக்காரன், இடது காலால் நன்றாக அடிக்கிறான்" என்றார். அவனுக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒருநாள் உணவகத்தில் வேலை முடித்து நேரே மைதானத்துக்கு வந்து, கடைசிவரை பார்த்துவிட்டு, திரும்பி நடக்கும்போது மெதுவாகக் கேட்டார். "இஞ்சரும், நீர் எல்லாற்ற பிள்ளையளையும் சரிசமனாப் பாக்கிறீர். நல்லது. எங்கட பிள்ளை அந்த எல்லாரிலை ஒருத்தன் இல்லையே?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள் வந்து லிஸ்ற் பிடிச்சுப் பாருங்கோ, அப்ப தெரியும் சனத்தின்ர வாய்" என்றேன். அவருடைய கேள்விக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை.

யூன் மாதம் ஜாரி பூங்காவில் வருடக் கடைசி ஆட்டம் வந்தது. வேறொரு பங்குப் பள்ளியின் பிள்ளைகளோடு. அதற்கு இரண்டு நாள் முன்னர் நீ சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய், கடைசிப் பத்து நிமிடம் உன்னை முன்னுக்கு விளையாட விட முடியுமா என்று. அந்த ஆண்டு முழுக்க நீ என்னிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம் அது. நான் ஓம் என்றேன். சும்மா ஓம் இல்லை, உன் தலையில் கை வைத்து ஓம் என்றேன்.

அன்று தூறலாக இருந்தது. ஆட்டத்துக்கு முன்னர் சிஸ்டர் எல்லோரையும் வட்டமாக நிறுத்திப் பரலோகத்தில் இருக்கிற பிதாவே என்ற செபத்தைப் பிரெஞ்சில் சொல்லுவித்தார். நான் தாளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னேன், நீ சிரிப்பை அடக்கிக்கொண்டாய். முதல் பாதியில் நீ பதினைந்து நிமிடம் விளையாடினாய். மிச்சப் பத்தையும் கடைசிக்கு வைத்திருந்தேன். சுஜனின் நேரம் அப்போது முடிய வேண்டும், அவன் வெளியே வர, நீ போக வேண்டும். நீ ஜேர்சியைக் காற்சட்டைக்குள் செருகி, சப்பாத்து நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டி, கோட்டுக்கு வெளியே வந்து நின்றாய். மணி அடித்தது. நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். சுஜனின் தாய் குடையோடு நின்றாள். பக்கத்தில் அவனுடைய தகப்பன், அந்த வருடம் முதன்முதலாக வேலையில் லீவு எடுத்து வந்தவர், மகனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் என்னையே பார்த்தாள். நான் மணிக்கூட்டை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன்.

"அம்மா, நான் இப்ப போகட்டே?" என்று கேட்டாய்.

"பேந்து ராசா. கொஞ்சம் பொறு" என்றேன்.

நீ பொறுத்தாய். ஐந்து நிமிடம் போனது. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, மைதானத்தையே பார்த்தாய். எமில் என்னைப் பார்த்துக் கையை விரித்தார், நான் தலையைக் குனிந்து கொப்பியில் ஏதோ எழுதுவது போலப் பாவனை செய்தேன். தகப்பன் வந்திருக்கிற பிள்ளையை எப்படி வெளியே கூப்பிடுவது என்று இரக்கப்பட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமும் கொஞ்சம் இருந்ததுதான். மிச்சமெல்லாம் பயம். கடைசி நிமிடத்தில் சுஜனைக் கூப்பிட்டு உன்னை அனுப்பினால், பேருந்துத் தரிப்பில் அவள் என்ன சொல்வாள் என்ற பயம். விசில் ஊதிவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. வென்றதுமில்லை, தோற்றதுமில்லை. நீ குனிந்து இரட்டை முடிச்சை அவிழ்த்தாய். பிறகு என்னிடம் வந்து தோடம்பழத் தட்டை வாங்கிக்கொண்டு போய், முதல் துண்டைச் சுஜனுக்குக் கொடுத்தாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பரவாயில்லை அம்மா" என்றாய். பதினொரு வயதுப் பிள்ளை பரவாயில்லை என்று சொன்னால் அதை நம்பிவிடுவது தாய்க்கு எவ்வளவு வசதி என்று உனக்குப் பிள்ளை பிறக்கும்போது தெரியும்.

அத்தோடு முடிந்திருந்தால்கூட என்னால் மறந்திருக்க முடியும். பள்ளி மூடுகிற நாளில் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சிஸ்டர் என் தாள்களை ஒரு கட்டாகக் கையில் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் விடுபடாமல் எல்லோரையும் விளையாட வைத்தது இந்த அம்மாதான் என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். நான் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போய் வாங்கினேன். மேடையில் நின்று பார்க்கும்போது மூன்றாவது வரிசையில் நீ இருந்தாய். அந்த மண்டபத்தில் அந்தத் தாள்களில் எழுதியிருப்பது பொய் என்று தெரிந்த இரண்டே பேர் நானும் நீயும். நீதானே ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதைக் கொண்டுபோனாய், உனக்கு வாசிக்கத் தெரியாதா? என் பிரெஞ்சு எழுத்து கோணல்தான், என்றாலும் இருபத்தைந்து எந்தப் பாஷையிலும் இருபத்தைந்துதான். நீ எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாய். உன் முகத்தில் கேலி இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உண்மையாகவே பெருமைப்பட்டாய்.

செப்டெம்பரில் திரும்பவும் படிவம் வந்தபோது, "இந்த முறை வேற பெடியள் விளையாடட்டும் அம்மா" என்றாய். அதற்குப் பிறகு நீ எந்த அணியிலும் சேரவில்லை. நான் அதையும் சனத்திடம் சொல்லிப் பெருமைப்பட்டேன், பார் என் பிள்ளை எப்படி விட்டுக்கொடுக்கிறான் என்று. அப்பாவின் செத்தவீட்டில்தான் எனக்குக் கண் திறந்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாய், கதிரை எடுத்துப் போட்டாய், அழுத சித்தியின் முதுகைத் தடவினாய். உன் கண்ணில் ஒரு துளி இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து கடைசி ஆளும் போன பிறகு, கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில், இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நின்று நீ அழுததைப் படிக்கட்டில் நின்று கேட்டேன். சொந்தத் தகப்பனுக்கு அழுவதற்குக்கூட மற்றவர்கள் அழுது முடியட்டும் என்று முப்பத்தொரு நாள் காத்திருந்திருக்கிறாய். நான் உள்ளே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இப்போது விளங்குகிறதா, திங்கட்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் ஏன் கத்தியைக் கீழே வைத்தாள் என்று? "முதலில் அவர்களுக்குக் கொடுங்கள்" என்று நீ பிரெஞ்சில் சொன்னாய். குரல் உன்னுடையது, வசனம் என்னுடையது.

விட்டுக்கொடுக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. பிறரைத் தள்ளிவிட்டு முன்னால் ஓடுகிறவனாக நீ மாறினால் அதற்கும் நான்தான் முதலில் அழுவேன். ஆனால் உன் கைக்கு வந்த பிறகு நீயாக எடுத்துக் கொடுப்பது ஒன்று, கைக்கு வருவதற்கு முன்னமே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது வேறொன்று. இரண்டாவதை நான் உனக்கு நல்ல பழக்கம் என்று சொல்லித் தந்துவிட்டேன். அந்தப் பட்டியலில் உனக்கு அடுத்ததாக நிற்கிற ஆள் யாரென்றே உனக்குத் தெரியாது. அவனுக்கு உன்னைவிடத் தேவை இருக்கிறதா என்று நீ விசாரிக்கவும் இல்லை. யாராவது இருப்பார்கள் என்றாய். யாரோ ஒருவர் இருந்தால் போதும், நீ ஒதுங்கிவிடுவாய். அது கொடை இல்லை ராசா, பழக்கதோஷம். போகிற இடத்தில் ஒரு பெண்ணை நீ விரும்பினால் அவளிடமும் பேந்து சொல்வம் என்று நிற்பாய். சம்பளம் கூட்டிக் கேட்க மாட்டாய். நோய் வந்தால் வைத்தியரிடம் கடைசி ஆளாகப் போவாய். இதையெல்லாம் யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சனத்தின் வாய்க்குப் பயந்த அந்தப் பழைய பயம் இல்லை இது.

என்னைப் பற்றி யோசிக்கிறாய், அதையும் பேசிவிடுவோம். நீ போனால் எனக்குக் கவலை இல்லை என்று பொய் எழுத மாட்டேன், பொய் எழுதியது போதும். முதல் மாதம் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு அடுத்த நாள் பழஞ்சோறு தின்பேன். முதல் பனி கொட்டும்போது வாசற்படியை வழிக்க ஆளில்லாமல் உன்னைத் திட்டுவேன். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவருக்குப் பருப்புக் கறி கொடுத்தால் அவர் வழித்துவிடுவார், ஏற்கனவே கண் வைத்திருக்கிறார், பருப்பில். வேலைக்குப் போக மெத்ரோ இருக்கிறது, பேருந்து இருக்கிறது, வேலையில் என்னோடு கதைக்க ஆறு பெண்கள் இருக்கிறார்கள். நான் அடுக்குகிற சாப்பாடு வினிப்பெக் போகிற விமானத்திலும் ஏறுகிறது. அது பழுதில்லாமல் போய் இறங்குவதை நீ பார்த்துக்கொண்டால் போதும். எனக்காக நீ இங்கே நின்றால், உன்னுடைய நேரத்தை இன்னொருமுறை நான் தின்றதாகத்தான் ஆகும். அதை என்னால் தாங்க முடியாது.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு காலமும் தொங்கிய சான்றிதழை இன்று காலை நீ போன பிறகு கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன், சுவரில் வெளிறாத ஒரு சதுரம் தெரிகிறது, வந்ததும் பார்ப்பாய். பிறகு கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். உன் பெயருக்கு நேரே இருபத்தைந்து என்று என் கையெழுத்து. அதைக் குறுக்கே வெட்டிப் பதினைந்து என்று எழுதினேன். ஒன்பது வருடம் பிந்தித்தான், என்றாலும் இப்போதுதான் அந்தப் பக்கம் உண்மையைச் சொல்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை. மைதானத்தில் பதினொரு வயதில் நின்ற பிள்ளையை நான் எங்கே போய்த் தேடுவது?

ஆனால் அவன் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. ஜேர்சியைச் செருகிக்கொண்டு, தூறலில் கோட்டுக்கு வெளியே நின்று, அம்மா நான் இப்ப போகட்டே என்று கேட்டாயே.

ஓம் ராசா. இப்ப போ.

அம்மா